அதே ஆடு, அதே சுவர்

"காலைல என்ன சாப்ட்டீங்க, சந்திரகாசன்?"

மேனேஜர் இப்படிக் கேட்கக் கூடாது என்று கார்முகில் டெக்னாலஜிஸ் விதிகளில் எங்கும் இல்லை. ஆனாலும் அந்த நிறுவனத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய குழல்வாய்மொழி, வாராந்தரத் தனிப்பேச்சில் யாரிடமும் இதைக் கேட்டதில்லை. எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, எது எப்போது முடியும் என்று கேட்டுவிட்டு, "வேற ஏதாவது?" என்பாள். "ஒண்ணும் இல்ல மேடம்" என்பார்கள். அத்தோடு இருபது நிமிஷமும் தீர்ந்துவிடும்.

திரையில் சந்திரகாசன் கொஞ்சம் திகைத்தான்.

"பழைய சோறு மேடம். நேத்து வச்ச மத்தி மீன் கொழம்பு."

குழல்வாய்மொழி மேஜைக்கு அடியில் இருந்த கையில் ஒரு விரலை மடக்கிக்கொண்டாள். பழைய சோறும் மீன் குழம்பும். அறந்தாங்கிப் பக்கம் என்று சொல்லிக்கொள்ளும் பையன் காலையில் என்ன சாப்பிடுவான் என்று எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து யாரோ எழுதினால், சரியாக இதைத்தான் எழுதுவார்கள். நிஜமான பையன்கள் நூடுல்ஸ் தின்பார்கள், இல்லையென்றால் பட்டினி கிடப்பார்கள்.

"நல்லா இருந்துச்சா?"

"உப்பு கொஞ்சம் தூக்கல் மேடம்."

இரண்டாவது விரலும் மடங்கியது.

அவள் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். சிறுசேரி வளாகத்தில் ஏழாவது மாடி. திறக்க முடியாத கண்ணாடிக்கு வெளியே, ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில் வழக்கமாக வரும் காக்கா உட்கார்ந்திருந்தது. அந்த மாடியில் ஒரு காலத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். இப்போது ஊழியர்கள் எல்லாம் அவரவர் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். வளாகத்துக்கு வருவது மேனேஜர்களும், ஹெச்.ஆர். ஆட்களும், அந்தக் காக்காவும்தான்.

"மேடம், ஒரு விஷயம் கேக்கணும்" என்றான் சந்திரகாசன். "அடுத்த மாசம் அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன். வால்வு மாத்தணுமாம். மெட்ராஸ்லதான் பண்றாங்க. ஒரு வாரம் லீவு வேணும்."

போன மாதம் அவன் வீட்டு ஓடு பெயர்ந்தது. அதற்கு முந்தின மாதம் தம்பி வண்டியிலிருந்து விழுந்தான். இப்போது அப்பாவுக்கு இதயம். குழல்வாய்மொழி மூன்றாவது விரலை மடக்கினாள்.

"பாத்துக்கலாம்" என்றாள்.

இந்த விரல் மடக்கும் வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் பெனடிக்ட். அவனும் மேனேஜர்தான், பக்கத்துத் தடுப்பு. வளாகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றுகொண்டுதான் இருவரும் உருப்படியான எந்த விஷயத்தையும் பேசுவார்கள். உள்ளே பேசினால் கட்டடமே கேட்டுக்கொண்டிருக்கும் என்பது பெனடிக்ட்டின் நம்பிக்கை.

"மொழி, இன்னுமா யோசிக்கிறீங்க?" என்றான் அவன். சம்பளப் பட்டியல் மென்பொருளுக்கு அவள் முழுப் பெயர் நீளமாகிவிட்டதால் அது 'மொழி' என்று வெட்டியது. அன்றிலிருந்து அலுவலகம் முழுக்க அவள் மொழிதான். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெட் குடுத்தாகணும். நான் மொத நாளே குடுத்துட்டேன்."

ரெட் என்பது கார்முகிலின் வழக்கம். டீமுக்கு ஆறு பேர். அரை வருஷத்துக்கு ஒரு முறை அதில் ஒருவருக்குக் கடைசி ரேட்டிங் கொடுத்தே தீர வேண்டும். ஆறு பேரும் மாய்ந்து மாய்ந்து உழைத்திருந்தாலும் சரி, ஒருவர் ரெட். ரெட் வாங்கியவர் மாதக் கடைசியில் போய்விட வேண்டும். முன்பெல்லாம் இந்த வாரம் வந்தால் மேனேஜர்கள் பிரஷர் மாத்திரையோடு திரிவார்கள். கூட்டங்களில் ஒருவர் மேல் ஒருவர் பாய்வார்கள். குழல்வாய்மொழியே ஒரு முறை கழிவறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"ஷேடோவுக்குத்தான். வேற யாருக்குக் குடுப்பேன்?"

ஷேடோவைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த வளாகத்தில் இல்லை. அதிகாரபூர்வமாகத் தெரிந்தவர்களும் இல்லை. ஒவ்வொரு டீமிலும் கம்பெனி ஒரு போலி ஊழியரை நுழைத்திருக்கிறது. முகம் உண்டு, குரல் உண்டு, வேலையும் செய்யும். உடம்பு மட்டும் கிடையாது. மேனேஜர் தன் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்று உள்ளிருந்து பார்த்துச் சொல்வது அதன் உத்தியோகம். கம்பெனி இதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரொம்பக் கரெக்டா வேலை செய்யற ஆளுதான் ஷேடோன்னு எல்லாரும் நெனைப்பாங்க. அங்கதான் தப்பு பண்றாங்க." பெனடிக்ட் டீயை உறிஞ்சினான். "அதைச் செஞ்சவன் முட்டாளா? மெஷின் மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் பாத்துப் பாத்து செஞ்சிருப்பான். தும்மல் வைப்பான், இருமல் வைப்பான், கஷ்டம் வைப்பான். மனுஷனுக்கு இருக்கறத விடக் கொஞ்சம் கூடவே வச்சிருவான். கஷ்டம் யாருக்கு ஜாஸ்தின்னு பாருங்க, கண்டுபிடிச்சிரலாம். ஒண்ணொண்ணா விரல் விட்டு எண்ணுங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாவே போகாதுங்க. பழைய மாதிரி நிஜ மனுஷன வீட்டுக்கு அனுப்பறதுதான் தப்பு. இப்ப யாருக்கு நஷ்டம்? ஒரு ஷேடோ போனா இன்னொண்ணு வருது. நான் ரெண்டு தடவையா நிம்மதியாத் தூங்கறேன்."

அந்த நிம்மதிக்குக் குழல்வாய்மொழியும் ஆசைப்பட்டாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். யார்தான் ஆசைப்படமாட்டார்கள்.

ஆறு பேரில் நான்கு பேரை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். ஆயுத பூஜைக்கு வளாகத்துக்கு வந்திருந்தார்கள். லேப்டாப்புகளை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, லிஃப்ட் வாசலில் பூசணிக்காய் உடைத்தபோது பக்கத்தில் நின்று பொரி தின்றவர்கள். பொரி தின்றவர்கள் மனிதர்கள்தான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வராதவர்கள் இருவர். ஒருத்தி நிரோஷா, இன்னொருவன் சந்திரகாசன். இரண்டு பேருமே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஊழியர்களின் விலாசம், குடும்ப விவரம் எல்லாம் ஹெச்.ஆர். பூட்டி வைத்திருக்கும் சமாசாரம். மேனேஜருக்குக் கிடைப்பது பெயரும் முகமும் மட்டும்.

நிரோஷாவிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"சாப்பிடல மேடம்" என்றாள் நிரோஷா சிரித்தபடி. "பசிக்கல."

"நேத்து ராத்திரி?"

"அதுவும் சரியா சாப்பிடல மேடம்." அதே சிரிப்பு. நிரோஷாவுக்குக் காய்ச்சல் வந்ததில்லை, கரண்ட் போனதில்லை, லீவு கேட்டதில்லை. கேமரா வந்ததும் சிரிப்பு வரும், கேமரா போகும் வரைக்கும் அது இருக்கும்.

சாப்பிடாத ஒருத்தி. உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட ஒருவன். குழல்வாய்மொழிக்குத் தலை சுற்றியது. நிரோஷாதான் இயந்திரம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. பார்த்தவுடன் தெரிவதாலேயே அது இல்லை என்கிறான் பெனடிக்ட். சரி, அப்படி நினைப்போம் என்று தெரிந்தே நிரோஷாவை அப்படிச் செய்திருந்தால்? இந்த யோசனையை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் கணவர் நெல்லையப்பன் இரண்டாவது தோசையை மூன்றாவது தோசை என்று சொன்னபோது அவரையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மதியம் சந்திரகாசனை மறுபடி திரைக்கு அழைத்தாள்.

"உங்க வீட்டு ஜன்னலக் கொஞ்சம் காட்டுங்களேன். இங்க கண்ணாடியையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

அவன் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பினான். ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் பூசாத செங்கல் சுவர். சுவர் மேல் நான்கு காலையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு ஆடு நின்றது. கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. கழுத்தை நீட்டி மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

குழல்வாய்மொழி திரையை நோக்கிக் குனிந்தாள். அந்த ஆட்டை அவள் பார்த்திருக்கிறாள். ஓடு பெயர்ந்த கதையைச் சொல்லும்போது போன மாதம் அவன் இதே ஜன்னலைக் காட்டினான். அப்போதும் ஆடு நின்றது. அதே சுவர், அதே இடம், அதே நீட்டின கழுத்து.

ஒரு மாதமாக ஓர் ஆடு ஒரே சுவரில் நிற்குமா? இத்தனை பாடுபட்டு மீன் குழம்புக்கு உப்பு தூக்கிப் போட்டு இவனைச் செய்தவன், ஆட்டில் சோம்பல்பட்டுவிட்டான். இன்னொரு ஆடு செய்ய அலுப்பு.

"சரி சரி" என்று தலையாட்டினாள் அவள். மிச்சமிருந்த விரல்களும் மடங்கின. "லீவு பத்தி அப்புறம் பேசலாம்."

அவன் நன்றி சொன்னான். வெள்ளிக்கிழமை காலையில் அவள் அவனுக்கு ரெட் கொடுத்தாள். அன்று மத்தியானம் சாம்பார் சாதம் ருசியாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் வந்திருக்கிறார், மேனேஜர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

சோபாவின் ஓரத்தில் சந்திரகாசன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். திரையில் தெரிந்ததைவிடக் குள்ளம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ் வாசனையும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்து அவனிடமிருந்து வந்தது. கட்டை விரலில் பிளாஸ்திரி.

குழல்வாய்மொழிக்கு முதலில் எதுவும் புரியவில்லை. இவன் எப்படி வர முடியும் என்றுதான் தோன்றியது. பிறகு புரிந்தது.

"கூரியர்ல அனுப்பலாம்னாங்க மேடம். ஒடைஞ்சிருச்சுன்னா அதுக்கு வேற பேச்சு வரும்ல. அப்பாவ டெஸ்ட்டுக்குக் கூட்டியாந்தேன், அப்படியே குடுத்துட்டுப் போலாம்னு." பையைத் திறந்து லேப்டாப்பை இரண்டு கையாலும் நீட்டினான். "சார்ஜரும் இருக்கு மேடம்."

"சந்திரகாசன், அந்த ஆடு..."

"எந்த ஆடு மேடம்?"

"செவத்து மேல நிக்குமே."

அவன் முகத்தில் குழப்பம். வேலை போன ஊழியனிடம் மேனேஜர் ஆட்டைப் பற்றி ஏன் விசாரிக்கிறார் என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

"அது பக்கத்து வீட்டு ஆடு மேடம். அந்தச் செவத்துக்கு மேலதான் முருங்கக் கொப்பு தொங்குது. மத்தியானமானா ஏறிக்கும். எறக்கி விட்டாலும் திரும்ப அதே எடத்துலதான் வந்து நிக்கும். அதுக்கு வேற என்ன வேல."

அவள் லேப்டாப்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"மேடம், நான் எதுல கொறஞ்சேன்னு சொன்னீங்கன்னா, அடுத்த எடத்துல சரி பண்ணிக்குவேன்" என்றான் சந்திரகாசன். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். "கம்பெனி இன்சூரன்ஸ் இந்த மாசக் கடைசி வரைக்கும்தானாம். ஆபரேஷன் அடுத்த மாசம். அது ஒண்ணுதான் மேடம் என்ன பண்றதுன்னு தெரியல."

"நீங்க எதுலயும் கொறையல" என்றாள் அவள். "இருங்க. எங்கயும் போயிராதீங்க. அப்பாவ எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்களோ அங்கயே இருங்க. நான் பேசுறேன்."

ஹெச்.ஆர். அறையில் மதுவந்தி இருந்தாள். பத்து விரலிலும் மோதிரம் போட்டிருப்பது போல எப்போதும் மெதுவாகத் தட்டச்சு செய்கிற பெண். குழல்வாய்மொழி மூச்சு வாங்க நின்றாள்.

"ரெட்ட மாத்தணும். ஆளு மாறிப்போச்சு. ஷேடோ சந்திரகாசன் இல்ல, நிரோஷா."

மதுவந்தி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேடம், உங்ககிட்ட சொல்றேன். வெளிய போய் நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. ஷேடோன்னு ஒண்ணும் இல்ல."

"என்னது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி ஒரு யோசன வந்துச்சு. ஒரு ஷேடோவ ஓட்டற செலவுக்கு நாலு மனுஷங்கள வேலைக்கு வச்சுக்கலாம்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்க. ஆனா பேச்சு மட்டும் வெளிய போயிருச்சு."

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதுவந்தி?"

"மெயில் கூட எழுதி வச்சிருந்தேன். அந்தத் தடவ ரேட்டிங் எல்லாம் மொத நாளே வந்து விழுந்துச்சு. யாரும் சண்ட போடல, யாரும் அழல, எங்கிட்ட வந்து யாரும் கெஞ்சல. முன்னாடியெல்லாம் ஒன்றரை மாசம் இழுக்கும் மேடம், உங்களுக்கே தெரியும். மேல இருந்து மெயில நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க."

குழல்வாய்மொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெனடிக்ட் நிம்மதியாகத் தூங்கின இரண்டு தடவைகள் நினைவுக்கு வந்தன. அந்த இரண்டு பேருக்கும் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

"அப்ப நிரோஷா?"

"பாவம், நல்ல பொண்ணு. வேலை போயிருமோன்னு பயம். லீவு கேட்டா ரெட் வந்துரும்னு யாரோ சொல்லியிருக்காங்க, அதான் எப்பவும் சிரிச்சிட்டே இருக்கு. சாப்பிடறதே இல்ல போல." மதுவந்தி கொஞ்சம் தயங்கினாள். "போன வாரம் எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. 'எங்க மேடம் நிஜமான மேடம்தானா, திடீர்னு என்ன சாப்ட்டேன்னு எல்லாம் கேக்கறாங்க'ன்னு."

சிரிக்க வேண்டிய விஷயம். குழல்வாய்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"சந்திரகாசன் ரெட்ட எடுத்துருங்க."

"எடுக்கலாம் மேடம். இந்த வாரம் வரைக்கும் மாத்தலாம்." மதுவந்தி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "யாரு பேரப் போடட்டும்?"

பொரி தின்ற நான்கு பேரும் பொரி தின்னாத நிரோஷாவும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது.

"என் பேரப் போடுங்க."

"அது உங்க கையில இல்லயே மேடம். உங்களுக்கு ரேட்டிங் போடறது ரங்கபாஷ்யம் சார். மேனேஜருங்களுக்கு அடுத்த வாரம்தான். சார்கிட்ட வேணா பேசிப் பாருங்க. அவரு சொன்னா ஒரு டீமுக்கு ரெட் இல்லாமலே விட முடியும்."

ரங்கபாஷ்யம் சிங்கப்பூர்க் கிளையில் இருக்கும் டைரக்டர். அவருக்குக் கீழே ஆறு மேனேஜர்கள். பதவிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. குழல்வாய்மொழி அவரைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள். கத்தமாட்டார், நல்ல மாதிரி. அன்று சாயங்காலமே நேரம் கொடுத்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டைச் சொன்னாள், முருங்கைக் கொப்பைச் சொன்னாள், அடுத்த மாத ஆபரேஷனைச் சொன்னாள். மதுவந்தி பெயரை மட்டும் சொல்லவில்லை.

"ஷேடோன்னு ஒண்ணு கெடையவே கெடையாது சார். எல்லாரும் மனுஷங்க. நாம எல்லாரும் மனுஷங்களத்தான் அனுப்பிட்டு இருக்கோம். இந்தத் தடவ என் டீமுக்கு ரெட் வேண்டாம்னு நீங்க சொல்லிட்டா, அந்தப் பையனோட அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்துரும்."

ரங்கபாஷ்யம் பொறுமையாகக் கேட்டார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன் மொழி. ஷேடோன்னு ஒண்ணு இருந்து, அது மாட்டிக்கற நெலமை வந்தா, மொதல்ல என்ன சொல்லும்?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"ஷேடோவே கெடையாதுன்னுதான் சொல்லும், இல்லயா?" என்றார் அவர். "சரி, அத விடுங்க. காலைல என்ன சாப்ட்டீங்க?"

குழல்வாய்மொழி காலையில் அவசரமாகக் கிளம்பியிருந்தாள்.

"சாப்பிடல சார்."

"மத்தியானம்?"

"இல்ல சார். அந்தப் பையன் கீழ நின்னு அழுதான். அதுக்கப்புறம் சாப்பாடு எறங்கல."

சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் சொல்லி முடித்ததும் அது அவள் காதுக்கே யாரோ எழுதிக் கொடுத்தது போல் கேட்டது. உப்பு கொஞ்சம் தூக்கல். வேறு எப்படிச் சொன்னால் நம்புவார் என்று யோசித்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்தால் நிரோஷா. கஷ்டத்தைச் சொன்னால் சந்திரகாசன். மூன்றாவதாக ஒரு மாதிரி இருக்கத் தெரியவில்லை அவளுக்கு.

"அப்படியா" என்றார் ரங்கபாஷ்யம் அன்பாக. "உங்க ஜன்னலக் கொஞ்சம் காட்டுங்களேன். சிறுசேரியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

அவள் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பினாள். கண்ணாடிக்கு வெளியே, தண்ணீர் சொட்டும் இடத்தில் காக்கா உட்கார்ந்திருந்தது.

"இந்தக் காக்கா போன மாசம் நீங்க காட்டினப்பவும் இங்கயேதானே இருந்துச்சு?"

"ஏ.சி. தண்ணி குடிக்க வரும் சார்" என்றாள் குழல்வாய்மொழி. "தினம் வரும். நிஜக் காக்கா சார்."

"சரி சரி" என்று தலையாட்டினார் ரங்கபாஷ்யம். "அந்தப் பையன் விஷயம் அப்புறம் பேசலாம்."

அவருடைய வலது கை மேஜைக்கு மேலே தெரிந்தது. இடது கை எங்கே இருக்கிறது என்று அவள் திரை முழுவதும் தேடினாள். தெரியவில்லை.